மெல்லக் கதைக்கிற வீடு

நான் இரண்டாம் கலியாணம் முடிக்கப் போகிறேன் என்று என் மனைவி நம்பத் தொடங்கியது எங்கள் மூன்றாவது பிள்ளை பிறந்த பிறகு. முதற் கலியாணத்தையே தலையைக் குனிந்துகொண்டு, வியர்த்துக்கொண்டு, எப்படியோ முடித்து எழும்பியவன் நான். கடைக்காரன் பழுதான வெங்காயத்தைப் பொதிசெய்து தந்தாலும் வாய் திறவாமல் வாங்கிக்கொண்டு வந்து வீட்டில் ஏச்சுக் கேட்பவன். அப்படிப்பட்ட ஆளைப் பிடித்து நிறுத்தி, "எவளோட கதைச்சு வெச்சிரிக்கிங்க?" என்று கேட்டால் என்ன மறுமொழி சொல்வது? எனக்கு வந்த மறுமொழி கோபம் மட்டும்தான். அதையும் வெளியே காட்டத் தெரியவில்லை.

எங்கள் கிழக்குக் கரையோரத்து ஊர்களில் வீடு பெண்ணுக்கு உரியது. கலியாணத்தோடு ஆண்தான் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய் இருப்பான். மருதமுனையில் நான் இருந்த வீடும், பின்வளவில் என் தறிகள் நின்ற கொட்டிலும் என் மனைவியின் சீதனம். அவள் என்னை வேண்டாம் என்று ஒரு சொல் சொன்னால், பெட்டியோடு நான் என் உம்மா வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். பிள்ளைகள் அங்கே, நான் இங்கே. ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடத்துக்கு மேலாக அந்தச் சொல் இன்றைக்கு வருமோ நாளைக்கு வருமோ என்று பயந்துகொண்டே நான் ஆண்கள் இடுப்பில் உடுக்கிற சாரன் நெய்தேன்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது மெல்லக் கதைக்கிற வீடு. என் மாமி மருமகனுக்கு முன்னால் முக்காட்டுத் துணியை இழுத்து வாயை மூடிக்கொண்டுதான் பேசுவார். கலியாணமாகாத மச்சினி ஒருத்தி இருந்தாள்; நான் வளவில் இருக்கிறேன் என்று தெரிந்தால் அவளுடைய குரல் காற்றாகிவிடும். எனக்கோ இயல்பிலேயே குரல் இல்லை. என் மனைவியும் அப்படித்தான். அவள் பேச்சு எப்போதும் தணிந்தே வரும். "அவட சத்தம் வாசலத் தாண்டாது" என்று ஊர்ப் பெண்கள் அவளைப் புகழ்வார்கள். கதைத்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காத குடும்பம் என்று எங்களுக்கு நல்ல பெயர் இருந்தது. அந்த நல்ல பெயர் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல.

முதலில் அவள் கேட்ட கேள்விகள் சிறியவை. நானும் மாமியும் மீன்காரன் வந்தானா என்று பேசிக்கொண்டு நிற்போம். அவள் குசினி அடுப்பை விட்டு வந்து இருவருடைய முகத்தையும் பார்ப்பாள்.

"என்னப் பத்தி என்ன கதைச்சிங்க?"

"உன்னப் பத்தி ஒண்டுமில்ல புள்ள. மீனப் பத்தித்தான்."

"மீனப் பத்திக் கதைக்க வாய மூடிக்கிட்டா கதைக்கிற?"

மாமி வாயை மூடிக்கொண்டு கதைப்பது எனக்கு மரியாதை. அதை மகளுக்கு நான் எப்படி விளக்குவது? அவள் பிறந்த நாளிலிருந்து பார்க்கிற வழக்கம் அது. "இது என்ன புதுக் கேள்வி?" என்று நான் முணுமுணுத்தேன். நான் முணுமுணுத்ததும் அவளுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

பிறகு அந்த நூல் சுற்றுகிற பெண். பின் ஒழுங்கைச் சந்தில் இருந்த ஒரு விதவை. ஊடை நூலைச் சிறு கட்டைகளில் சுற்றித் தறிக்காரர்களுக்குக் கொடுத்துப் பிழைப்பவர். என்னைவிட மூத்தவர். வேலி ஓரமாக நின்று, முகத்தை அரைவாசி மூடிக்கொண்டு, நிலத்தைப் பார்த்துத்தான் பேசுவார். "பச்சை நூல் முடிஞ்சி போச்சி, இன்னும் வேணுமா?" என்று கேட்பார். நானும் நிலத்தைப் பார்த்து, "ஓம், வேணும்" என்பேன். இதற்குமேல் நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் மனைவி வாசலில் நின்று இதைப் பார்ப்பாள். ஒரு ஆண், முகத்தை மூடிய ஒரு பெண், இருவர் தலையும் கீழே, இருவர் வாயும் அசைகிறது, அவளுக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. அவளுடைய இடத்திலிருந்து பார்த்தால் வேறு என்னதான் தோன்றும்? ஆனால் அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

"அவளோட என்ன பேச்சு?"

"பச்சை நூல்."

"நெடுக நெடுகப் பச்சை நூலா?"

"சரி, செகப்பு நூல்" என்றேன் எரிச்சலில். அதுவும் அவளுக்குக் கேட்டிருக்காது. நான் ஏதோ சொல்லிக்கொண்டு திரும்பிப் போனதை மட்டும் பார்த்திருப்பாள்.

எனக்கு அதைவிட ஆத்திரம் தந்த விஷயம் ஒன்று உண்டு. தறிக் கொட்டிலுக்குள் வந்தால் அவள் வேறு ஆள். நானும் கூட்டாளி ஒருவரும் பக்கத்துப் பக்கத்துத் தறியில் இருப்போம். ஊடை நூலை இழுத்துக்கொண்டு நாடா அடிபட்டு ஓடுகிற சத்தத்தில் கொட்டில் அதிரும். அவள் ஒரு மூலையில் ராட்டையை வைத்துக்கொண்டு நூல் சுற்றுவாள். கூட்டாளி தொண்டை கிழிய ஏதாவது பகிடி விடுவார்.

"மச்சி! இவன் நெய்ஞ்ச சாரனப் பாருங்க! ஒரு பக்கம் தெக்கால நிந்தவூருக்குப் போகுது, மத்தப் பக்கம் வடக்கால ஓட்டமாவடிக்குப் போகுது!"

"உடுக்கிறவன் நடுவால கல்முனைக்குப் போவான்!" என்பாள் இவள், உடனுக்குடன். நாங்கள் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். அங்கே சந்தேகமும் இல்லை, சண்டையும் இல்லை. தறியை நிறுத்திவிட்டுச் சாப்பிட வீட்டுக்குள் போனால், திரும்பவும் அந்த முகம்.

நிந்தவூரில் ஒரு கலியாணத்துக்குப் பேருந்தில் போனபோதும் இதேதான். அந்தப் பேருந்தின் இரைச்சலில் எனக்கு என் மூளையே கேட்கவில்லை. அவள் என்னவென்றால் சாளரத்துப் பக்கம் இருந்துகொண்டு, முன்னால் இருந்த பெண்களோடு ஊர்க்கதையெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். ஒன்றையும் தவறவிடவில்லை. கலியாண வீட்டில் எங்கள் உறவுக்காரப் பெண்கள் நாலு பேர் அடக்கமாகக் கூடி இருந்து பேசியதும், அவள் எழும்பி என்னிடம் ஆளனுப்பினாள்: உடனே வீட்டுக்குப் போக வேண்டும், அங்கே எல்லோரும் தன்னைப் பற்றிக் கதைக்கிறார்களாம். நாலு பேர் கூடி உண்கிற சோற்றுச் சகன் தட்டை விட்டு நான் எழும்பி வந்தேன். எருமையிறைச்சிக் கறி. இன்றைக்கும் அந்தக் கறியை நினைத்தால் எனக்குக் கோபம் வரும்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அவளுக்கு நோயுமில்லை, நொடியுமில்லை, வேண்டுமென்றே செய்கிறாள். நோயென்றால் பேருந்தில் மட்டும் அது எங்கே இறங்கிப் போகிறது?

மாமிக்கு வேறு முடிவு. வளவு மூலையில் நின்ற முருங்கையில் ஒன்று குடியிருக்கிறது, பிள்ளைப்பேற்றுத் தீட்டோடு மகளைப் பிடித்துவிட்டது என்றார். தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள். கையில் நூல் கட்டினார்கள். நாட்டு வைத்தியம் பார்க்கிற பரிசாரியார் தலைச்சூடு என்று சொல்லி ஒரு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். அதன் மணத்தில் பிள்ளைகள் உம்மாவுக்குப் பக்கத்தில் படுக்க மறுத்தன. கடைசியில் முருங்கையை வெட்டச் சொன்னார்கள். நானே வெட்டினேன். காயும் இலையுமாக எத்தனையோ நாள் எங்களுக்குக் கறியாக இருந்த மரம். வெட்டி விழுத்திய அன்று பின்னேரம் என் மனைவி வந்து கேட்டாள்:

"வெளிச்சமா இரிக்கட்டும் எண்டா வெட்டின? அவள்ட வேலி நல்லாத் தெரியட்டும் எண்டா?"

கத்தியை நிலத்தில் போட்டுவிட்டு நான் கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகு எல்லோரும் அவளுக்கு முன்னால் பேசுவதற்குப் பயந்தோம். சத்தமாக ஏதும் சொன்னால் அவளுக்குக் கோபம் வந்துவிடுமோ என்று முன்பைவிடவும் மெல்லப் பேசினோம். அவள் வந்தால் பேச்சை நிறுத்தினோம். கண்ணால் சாடை காட்டிக்கொண்டோம். பயத்தில் செய்ததுதான், வேறு எண்ணமில்லை. அவள் என்ன சந்தேகப்பட்டாளோ அதை அப்படியே நாங்கள் எல்லோரும் சேர்ந்து நடித்துக் காட்டிக்கொண்டிருந்தோம். அவள் உண்மையிலேயே நல்ல பெண். இவ்வளவுக்கும் எங்களை வீட்டை விட்டுத் துரத்தாமல் இருந்தாள்.

அவளுடைய அண்ணன், மூத்த காக்கா, சாய்ந்தமருதில் கலியாணம் முடித்து இருந்தவர், மீன் வியாபாரி. அவர் ஒருநாள் வந்து தறிக்குப் பக்கத்தில் நின்றார்.

"மச்சான், ரெண்டிலொண்டு செய்யணும். புத்தி பேதலிச்சிப் போயிரிந்தா கொழும்புக்குக் கொண்டுபோய் பைத்திய ஆஸ்பத்திரியில விடணும். புத்தி சரி எண்டா, நீங்க பொண்ணு தேடுறது உண்மை. அப்ப நீங்க போகணும்."

"நான் பொண்ணு தேடல்ல மச்சான்."

"என்ன?"

"தேடல்ல."

"வாயத் தொறந்து சொல்லுங்க மனிசனே! களவெடுத்தவன் மாதிரிக் கதைச்சா ஆரு நம்புவா?"

அவர் பள்ளிவாசலை நடத்துகிற மரைக்காரைக் கூட்டிக்கொண்டு வந்து விசாரிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். விசாரணை என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அவள் வேண்டாம் என்றால் அடுத்தது கலியாணத்தை வெட்டிவிடுகிற காதியார். அத்தோடு முடிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு வந்தார்கள். மரைக்கார், மூத்த காக்கா, அவளுடைய இளைய தம்பி, இன்னும் இரண்டு பெரியவர்கள். வீட்டு முன்மண்டபத்தில் பாய் விரித்து இருந்தார்கள். அறை வாசலில் திரை. திரைக்கு அந்தப் பக்கம் என் மனைவியும் மாமியும். நான் சுவர் ஓரமாக, என் முழங்காலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். மரைக்கார் மரியாதையான மனிதர். இன்னொருவன் மனைவியோடு பேசுவதென்றால் குரலை எவ்வளவு தணிக்க வேண்டுமோ அவ்வளவு தணித்துக்கொண்டார்.

"மகள், உங்களுக்கு இவர்ல என்ன குறை? சொல்லுங்க."

திரைக்குப் பின்னால் சத்தமில்லை.

"இவரோட வாழ விருப்பமில்லையா மகள்?"

சத்தமில்லை.

"விட்டுப்போட விருப்பமா?"

சத்தமே இல்லை. மரைக்கார் மற்றவர்களைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"மௌனம். சம்மதம்தான்."

எங்களுக்குள் அது அப்படித்தான். கலியாணத்தன்று பெண் சார்பில் நிற்கிற வக்கீலும் சாட்சிகளும் உள்ளே போய்ப் பெண்ணிடம் சம்மதம் கேட்பார்கள். குமர்ப்பிள்ளை வெட்கத்தில் வாய் திறக்க மாட்டாள். அவள் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். என்னைக் கட்டும்போதும் இவள் அப்படிப் பேசாமல்தான் இருந்திருக்கிறாள். ஆனால் கட்டுவதற்குப் போதுமான மௌனத்தை வெட்டுவதற்கும் வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களுக்கு எந்தக் கிதாபு சொன்னதோ தெரியாது. மூத்த காக்கா ஒரு பெருமூச்சு விட்டு எழும்பப் பார்த்தார். என் சின்ன மகள் திரைக்குக் கீழால் தவழ்ந்து வந்து என் சாரனைப் பிடித்து எழும்பி நின்றாள்.

எனக்குள் என்ன நடந்தது என்று சொல்லத் தெரியவில்லை. வெங்காயமும் முருங்கையும் எருமையிறைச்சியும் எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக, ஐந்து பேருக்கு முன்னால் எழும்பி நின்று, திரையைப் பார்த்துக் கத்தினேன்.

"இஞ்ச பாரு புள்ள! நான் உனக்கு வேணுமா, வேணாமா? அதச் சொல்லு!"

தெருவில் போன மாட்டுவண்டி நின்றது. பக்கத்து வளவில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. இளைய தம்பி என்னை அடிக்க எழும்பினான். அக்காவின் வீட்டில் நின்று அவளுக்கே கத்துகிறவனை அடிக்க வேண்டியதுதானே. அதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் மெல்லிய குரல் வந்தது.

"வேணாம் எண்டு ஆரு சொன்ன?"

நான் விடவில்லை, இன்னும் கத்தினேன்.

"நீதான் சொன்ன! மரைக்கார் இவ்வளவு நேரமும் கேட்டாரே!"

"மரைக்கார் எங்க கேட்ட? அவர் ஒங்களோடதானே குசுகுசுத்துக்கிட்டிருந்த! வந்த நேரம் தொடக்கம் எல்லாரும் சேந்து குசுகுசுக்கிறாங்க. என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டாங்களா? இப்ப நீங்க கேட்ட, நான் சொன்ன. இப்படி ஒழுங்காக் கதைக்கத் தெரிஞ்சிக்கிட்டு, இவ்வளவு நாளும் ஏன் வாய்க்குள்ள வெச்சி மென்ட?"

மரைக்கார் தன் தாடியைத் தடவினார். பிறகு, நல்ல மனிதர், தொண்டையைச் செருமிக்கொண்டு தொழுகைக்கு அழைக்கிற பாங்கு சொல்வதுபோல ஒரு சத்தம் போட்டார்.

"மகள்! நான் இப்ப கதைக்கிறது கேக்குதா?"

"கேக்குது மரைக்கார். ஏன் கத்துறிங்க?"

மாமி திரைக்குப் பின்னால் அழத் தொடங்கினார். இளைய தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருடமாக எங்கள் குடும்பம் முழுவதும் தேடிய பேய், அவளுடைய காதுக்குள் இருந்திருக்கிறது. வெட்டிய முருங்கைதான் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது.

அடுத்த கிழமை கூடார மாட்டுவண்டியில், பாண்டிருப்பைத் தாண்டி, அவளைக் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூத்த காக்காவும் வந்தார். டாக்டர் யாழ்ப்பாணத்துத் தமிழர். கவட்டை போல் இரண்டு கவர் உள்ள ஒரு இரும்பை மேசை விளிம்பில் தட்டி, அவளுடைய காதுக்கு முன்னால் பிடித்தார். கேட்கவில்லை என்றாள். அதையே காதுக்குப் பின்னால் எலும்பில் ஊன்றினார். அவள் திடுக்கிட்டுத் தலையை இழுத்துக்கொண்டு, "வண்டு மாதிரி இரையுது" என்றாள்.

"உம்மட மனுசிக்குப் புத்தியில ஒரு குறையும் இல்லை" என்றார் டாக்டர் என்னிடம். "காதுக்குள்ள இருக்கிற ஒரு சின்ன எலும்பு இறுகிப் போச்சுது. பிள்ளைப்பேறோட சில பேருக்கு இது கூடும். இப்பிடியான ஆக்களுக்குத் தங்கட குரல் தங்களுக்குப் பெரிசாக் கேக்கும். அதால மெதுவாத்தான் கதைப்பினம். செவிடு எண்டு ஒருத்தரும் நினையாயினம்."

"பஸ்சுக்குள்ள நல்லாக் கேக்குதே ஐயா? தறிக்குப் பக்கத்திலயும் கேக்குதே?"

"அங்க எல்லாரும் கத்தித்தானே கதைக்கிறியள்? அந்த இரைச்சல் உங்களுக்குத்தான் இடைஞ்சல், அவவுக்கு இல்லை."

மூத்த காக்காவுக்கு இன்னும் திருப்தி வரவில்லை. காது கேட்காவிட்டால் காது கேட்காது, அவ்வளவுதானே, புருஷன் கலியாணம் முடிக்கப் போகிறான் என்ற நினைப்பு எங்கிருந்து வரும் என்று கேட்டார். டாக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

"நாலு பேர் உமக்கு முன்னால வாயை மூடிக்கொண்டு வருசக்கணக்காக் குசுகுசுத்தா, நீர் என்ன நினைப்பீர்? உம்மை ராசாவாக்கப் போயினம் எண்டோ? சந்தேகம் எண்டது காய்ச்சல் மாதிரி, கண்டீரோ. எதால வந்தது எண்டு பாக்கவேணும். கழுத்தில சுரப்பி கெட்டாலும் வரும். பிள்ளை பெத்த உடம்பு கொதிச்சாலும் வரும். நெடுகக் குடிச்சவன் குடியை விட்டாலும் வரும். கண் மங்கினாலும், காது அடைச்சாலும் வரும். சில மருந்தாலயும் வரும். எல்லாரையும் பைத்தியம் எண்டு கொழும்புக்கு ஏத்தினால் ஊரில ஆர் மிச்சம்?"

பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அவர் சொன்ன எல்லாம் எனக்கு விளங்கவில்லை. ஆனால் மூத்த காக்கா வாயை மூடிக்கொண்டது விளங்கியது. அதுவே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

எலும்பைச் சரியாக்க இங்கே வழியில்லை என்றார் டாக்டர். நெஞ்சில் தொங்கவிட்டு, காதுக்கு வயர் இழுத்துக் கேட்கிற பெட்டி ஒன்று கொழும்பில் கிடைக்கும் என்றார். "நான் என்ன ரேடியோவா?" என்று என் மனைவி அதை மறுத்துவிட்டாள். மிச்சம் ஒரே மருந்துதான்: முகத்துக்கு நேரே நின்று, வாயை மூடாமல், சத்தமாகக் கதையுங்கள்.

சொல்வது சுலபம். மாமிக்கு மருமகனுக்கு முன்னால் முக்காட்டை விலக்கிப் பேச ஒரு வருடம் பிடித்தது. நூல் சுற்றுகிற பெண் வேலியில் நின்று, "பச்ச நூலு! பச்ச நூலு!" என்று கத்துவார், ஒழுங்கையில் போகிற பையன்களும் அதைச் சொல்லிக் கத்திக்கொண்டு போவார்கள். எங்கள் வீட்டில் இன்றைக்கு என்ன கறி, யாருக்கு வயிற்றால் போகிறது, எனக்கும் என் மனைவிக்கும் என்ன பிணக்கு என்பதெல்லாம் இப்போது தெருமுனைவரை தெரியும். கூச்சக்காரன் ஒருவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

இவ்வளவும் செய்தும் அவளுடைய சந்தேகம் வேரோடு போகவில்லை. காரணம் தெரிந்ததும் நோய் ஓடிவிடும் என்று நான் நம்பினேன். அது என் மடத்தனம். அசைகிற வாயைக் கண்டு, சத்தம் வராவிட்டால், அவளுடைய நெஞ்சு அதை இட்டு நிரப்பிக்கொள்ளும். ஒரு வருடத்தில் பழகியது பல வருடத்துக்கும் நின்றது. அவளுக்கே அது தெரியும். "எனக்குத் தெரியும், அவங்க என்னப் பத்திக் கதைக்கல்ல" என்பாள். பிறகு, "என்ன கதைச்ச எண்டு கேட்டுச் சொல்லுங்க" என்பாள். நான் போய்க் கேட்டு வந்து சொல்வேன். கேட்காமல் இருந்து பார்த்தும் இருக்கிறேன். அன்றைக்கு வீட்டில் உலை ஏறாது.

போன நோன்புக்கு முந்தி எங்கள் தெருவில் ஒரு மௌத்து, சாவு. ஜனாஸாவை எடுத்து அடக்கிவிட்டு வந்திருந்தோம். ஆண்கள் முற்றத்தில் இருந்தோம், பெண்கள் உள்ளே. துக்க வீடு, சொல்லவா வேண்டும், எல்லோரும் நிலத்தைப் பார்த்து மெல்லத்தான் பேசினார்கள். என் மனைவி உள்ளேயிருந்து வாசலுக்கு வந்து நின்றாள். அவளுடைய முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் போய்ச் சொல்லலாம் என்று எழும்பினேன். அதற்குள் கையால் கேட்டாள்: உள்ளே என்ன கதைக்கிறார்கள்? நீங்களெல்லாம் என்ன கதைக்கிறீர்கள்? இன்னும் கொஞ்ச நேரம் விட்டால் அழுவாள், பிறகு ஒரு கிழமைக்கு வீடு வீடாக இராது.

நான் முற்றத்தின் நடுவில் நின்று, ஊர் முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

"உன்னப் பத்தி ஒண்டும் இல்ல! மௌத்தாப் போனவரத்தான் கதைக்கிற! நல்ல மனிசன் எண்டு கதைக்கிற!"

லெப்பை ஓதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். மௌத்தானவரின் மகன் பார்த்தான். முற்றமே பார்த்தது. என் காது மடல் கொதித்தது.

அவளுடைய முகம் தெளிந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற அந்த மெல்லிய குரலில் சொன்னாள்:

"மௌத்து வீட்டுல இப்படியா கத்துற? மெல்லக் கதைங்க. வெக்கமில்லையா?"

சொல்லிவிட்டு உள்ளே போய்ப் பெண்களோடு இருந்தாள். நான் பாயின் ஓரத்தில், யாருடைய முகத்தையும் பாராமல் உட்கார்ந்துகொண்டேன்.